விற்கலாம்; இடிக்கலாமா? கோவையின் பழைய கட்டிடங்களுக்கு வந்த சோதனை

கோயமுத்தூரில் டவுன்ஹால் பக்கம் போகிறவர்கள் "வெரைட்டி ஹால் ரோடு" என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். கடைப் பலகைகளில் அந்தப் பெயர் இருக்கிறது. தபால்காரருக்கு அந்தப் பெயர் தெரியும். ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆனால் "அந்த வெரைட்டி ஹால் எங்கே?" என்று கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

தெருவுக்குப் பெயர் கொடுத்த கட்டிடம் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது!

1914-ல் எழுந்த கொட்டகை அது. பிற்காலத்தில் "டிலைட் தியேட்டர்" என்ற பெயரில் ஓடியது. தென்னாட்டின் ஆதி சினிமாக் கொட்டகைகளில் ஒன்று. 2024-ல் அது இடிக்கப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற சுவர்களைத் தரைமட்டமாக்க இந்தக் காலத்து இயந்திரங்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

இடித்தது நியாயமா, அநியாயமா? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடக் கூடாது. முதலில் அந்தக் கொட்டகை யார் கட்டியது என்று பார்ப்போம்.

ரயில்வே குமாஸ்தா கட்டிய கொட்டகை

கோயமுத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ல் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே ஆபீசில் படம் வரையும் வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடல் நலம் கெட்டது. படக் கருவியையும் படச் சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். எப்படியோ சுமார் 2,000 ரூபாய் புரட்டி, சாமிக்கண்ணு அவற்றை வாங்கிவிட்டார்.

ஏழு வருஷச் சம்பளத்தை ஒரே நாளில் ஒரு பெட்டியில் போட்டது போன்ற துணிச்சல் அது!

அதன் பிறகு அவர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தெற்கே திருவனந்தபுரம், வடக்கே லாகூர், கடல் கடந்து ரங்கூன் என்று பல ஊர்களில் படம் காட்டினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிக் கூடாரத்துக்குப் பதிலாகக் கல்லும் காரையும் வைத்து நிரந்தரமாகக் கட்டியதுதான் வெரைட்டி ஹால்.

பைக்காரா மின்சாரம் 1930-களில்தான் கோவைக்கு வந்தது. அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே இந்தக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சாமிக்கண்ணு பின்னர் 1933-ல் "வள்ளி திருமணம்" படத்தை எடுத்தார். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1942-ல் காலமானார்.

ஆகவே வெரைட்டி ஹால் சாதாரணக் கொட்டகை அல்ல. தமிழ்ப் பட உலகத்துக்குக் கொங்கு நாடு போட்ட அஸ்திவாரக் கல் அது.

சொந்தக்காரரின் கணக்கு

அப்படிப்பட்ட கட்டிடத்தை இடிக்க மனம் வருமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் சொந்தக்காரரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பணக்காரத் தெருவிலோ பெரிய கடை வீதியிலோ ஒரு பழைய கடைக் கட்டிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா கட்டியது. தேக்கு உத்தரம், சீமை ஓடு, வெளியே பூ வேலை செய்த காரை வளைவு. அது இன்று மூன்று பேரன்மாருக்குப் பொதுச் சொத்து. கீழே உள்ள கடைகளில் பழைய வாடகைதான் வருகிறது. மழை பெய்தால் மேல்மாடி ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை.

மூத்தவருக்குப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். நடுவில் உள்ளவருக்குக் கடன். இளையவர் வெளிநாட்டில் இருக்கிறார். அந்தச் சமயம் பார்த்துத் தரகர் வருகிறார்.

"ஏனுங்க, இந்தக் கட்டிடத்துக்கு என்ன விலை போடுவாங்க?" என்று மூத்தவர் கேட்கிறார்.

"கட்டிடத்துக்கு விலையே இல்லீங்க. இடத்துக்குத்தான் விலை. இடிக்கிற செலவைக்கூட வாங்கறவங்க கழிச்சுத்தான் தருவாங்க" என்கிறார் தரகர்.

கதையின் உயிர் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் இடத்தைச் சதுர அடி சதுர அடியாக அளந்து எழுதுகிறார்கள். நூறு வருஷத்துக் கட்டிடம் "மேற்படி இடத்தில் உள்ள பழைய கட்டிடம்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வாங்குகிறவர் கொடுப்பது நிற்கிற கட்டிடத்துக்கான பணம் அல்ல. அதை இடித்துவிட்டு மேலே எழுப்பப் போகிற மாடிகளுக்கான பணம்.

இரண்டு மாடி நிற்கிற இடத்தில் ஐந்து மாடி கட்டலாம் என்றால், கட்டாத மூன்று மாடிகளுக்குத்தான் போட்டி. அந்தக் கணக்கில் தேக்கு உத்தரத்துக்கும் காரை வளைவுக்கும் இடமில்லை. ஆகவே விற்கிறவரையும் வாங்குகிறவரையும் திட்டிப் பயன் இல்லை. கணக்கை மாற்றினால்தான் முடிவு மாறும்.

விற்பனை எதிரி அல்ல

"அப்படியானால் பழைய கட்டிடங்களை விற்கவே கூடாது என்று தடை போட்டுவிடலாமே?" என்று சிலர் சொல்லலாம். அது தவறான வைத்தியம். கைமாறிய காரணத்தாலேயே பிழைத்த கட்டிடங்களும் உண்டு.

இதற்குச் சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஒரு நல்ல உதாரணம் நிற்கிறது. வெரைட்டி ஹாலுக்கு ஒரு வருஷம் மூத்தது "எலெக்ட்ரிக் தியேட்டர்". 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் அதை நடத்தினார். கொட்டகை நெடுநாள் ஓடவில்லை. இரண்டே வருஷத்தில், 1915-ல், தபால் இலாகா அதை வாங்கிவிட்டது. படம் பார்த்த இடம் தபால் ஆபீஸ் ஆயிற்று. இன்றைக்கும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில், தபால் தலை சேகரிப்போருக்கான நிலையமாக அது நிற்கிறது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுக் கொட்டகைகள். ஒன்று போய்விட்டது, மற்றொன்று இருக்கிறது. சென்னைக் கொட்டகையை வாங்கியவர்களுக்கு அந்தக் கட்டிடமே தேவைப்பட்டது. வெறும் மனை போதும் என்று அவர்கள் வாங்கவில்லை.

அதே அண்ணா சாலையில் 1904-ல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் பலமுறை கைமாறியது. கட்டிடமும் நிற்கிறது, புத்தக வியாபாரமும் நடக்கிறது.

கோர்ட்டுக்குப் போன கட்டிடம்

வாங்கியவருக்குக் கட்டிடம் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? அதற்கும் அண்ணா சாலையிலேயே பாடம் இருக்கிறது.

செக்கச் செவேல் என்ற செங்கல் சுவரும் கோபுரங்களும் கொண்ட பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தைச் சென்னைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். 1897-ல் ஒரு மருந்து வியாபாரக் கம்பெனிக்காகக் கட்டியது அது. 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் நாட்டுடைமை ஆனபோது, கட்டிடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. மருந்துக் கடை, தனியார் இன்ஷூரன்ஸ், அரசாங்க நிறுவனம் என்று மூன்று கை மாறியது.

2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். கலைச் சின்னங்களைக் காக்கும் "இன்டாக்" அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. இடிக்கும் வேலை நின்றது. 2010-ல் சென்னை ஐகோர்ட்டு அதை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பழஞ்சிறப்புள்ள கட்டிடங்களைக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னது.

இந்த வழக்குக்குப் பலம் கொடுத்தது என்ன? சென்னையில் காக்க வேண்டிய கட்டிடங்கள் எவை என்று அதற்கு முன்பே ஒரு பட்டியல் தயாராகியிருந்தது. அந்தப் பட்டியலில் இந்தக் கட்டிடத்தின் பெயரும் இருந்தது. இடிக்கத் தொடங்கிய பிறகு எழுதிய பட்டியலாக இருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும்.

ஆனால் இதில் ஒரு சோகமும் உண்டு. தீர்ப்பு கடப்பாரையைத் தடுத்தது. மழையைத் தடுக்கவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் பல வருஷம் அந்தக் கட்டிடம் பழுதாகியே நின்றது. சுவரில் செடி முளைத்தது. "இடிக்காதே" என்று சொல்வது பாதி வேலைதான். பழுது பார்க்கும் செலவுக்கு வழி சொன்னால்தான் மீதிப் பாதியும் முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோயில், கோட்டை, கல்வெட்டு இவற்றைக் காக்க மத்திய அரசாங்கத்தின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குத் தனியாக 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தவற்றுக்குத்தான் இவை காவல். வியாபாரம் நடக்கிற கடையும் பஞ்சாலையும் சினிமாக் கொட்டகையும் அந்த வரிசையில் சுலபமாக ஏறுவதில்லை. வெரைட்டி ஹாலும் அந்த வரிசையில் இல்லை.

இந்தக் குறையைப் போக்கத் தமிழ்நாடு சட்டசபை 2012-ல் ஒரு தனிச் சட்டம் செய்தது. பாரம்பரியச் சிறப்புள்ள கட்டிடங்களைக் கண்டறிந்து காக்க ஓர் ஆணையம் அமைப்பது அதன் நோக்கம். நல்ல சட்டம்தான். ஆனால் அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம்! வெரைட்டி ஹால் மண்ணான வருஷமும் அதே 2024 என்பதை நினைத்தால் பெருமூச்சுத்தான் வருகிறது.

பத்திரத்தோடு போகும் கடமை

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் 1947 முதல் சிறப்புள்ள கட்டிடங்களுக்கு அரசாங்கப் பட்டியல் உண்டு. பட்டியலில் சேர்ந்த கட்டிடத்தைச் சொந்தக்காரர் தாராளமாக விற்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் இடிக்கவோ உருமாற்றவோ கூடாது. வாங்குகிறவர் சொத்தைப் பற்றி விசாரிக்கும்போதே, "இது பட்டியலில் உள்ள கட்டிடம்" என்ற குறிப்பு அவர் கண்ணில் பட்டுவிடும். சொந்தக்காரர் மாறலாம், கடமை மாறாது.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பாட்டர்ஸீ மின் நிலையம் இருக்கிறது. நான்கு பெரிய புகைபோக்கிகள் அதன் அடையாளம். 1980-ல் அது பட்டியலில் ஏறியது. 1983-ல் மின் உற்பத்தி நின்றது. அதன் பிறகு அந்தச் சொத்து பலர் கைக்கு மாறியது. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், திட்டம் போட்டார்கள், தோற்றுப் போனார்கள். ஆனால் ஒருவராலும் அதைத் தரைமட்டமாக்க முடியவில்லை. கடைசியில் 2022-ல் கடைகளும் ஆபீசுகளும் வீடுகளும் கொண்ட இடமாக அது திறக்கப்பட்டது. பழுதான புகைபோக்கிகளைப் பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள்.

பட்டியலில் ஏறியதால் சொந்தக்காரருக்கு நஷ்டம் வருமே, அதற்கு என்ன வழி? பம்பாய் நகரம் ஒரு வழி கண்டது. 1995-ல் அங்கே பாரம்பரியக் கட்டிட விதிகள் வந்தன. கட்டிடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் உள்ளவற்றை ஏறக்குறைய தொடவே கூடாது. மூன்றாம் தரத்தில் மாற்றத்துக்கு ஓரளவு இடம் உண்டு. கட்டிடத்தைக் காப்பதால் மேலே மாடி எழுப்ப முடியாமல் போகிற சொந்தக்காரருக்கு, அந்தக் கட்டாத மாடிகளின் உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்க வழி செய்தார்கள்.

புளியந்தோப்பு வைத்திருப்பவர் மரத்தை வெட்டி விற்காமல், காய்ப்பை மட்டும் குத்தகைக்கு விடுவதில்லையா? அதைப் போலத்தான் இதுவும். மரம் நிற்கும், குடும்பத்துக்குப் பணமும் வரும்.

வில்லங்கத்தில் ஒரு வரி

கொங்கு நாட்டில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதானாலும் ஜனங்கள் சும்மா வாங்குவதில்லை. மூலப் பத்திரம் பார்ப்பார்கள். பட்டா பார்ப்பார்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பார்கள். அடமானம் இருக்கிறதா, பங்காளி வழக்கு இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பார்கள்.

அந்த வில்லங்கச் சான்றிதழிலேயே, "இது பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டிடம்" என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு வசதி! வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். அதற்கு ஏற்ற விலையைப் பேசுவார். கட்டிடம் வேண்டாதவர் ஒதுங்கிக்கொள்வார். கட்டிடத்தை விரும்புகிறவர் முன்னுக்கு வருவார். தபால் இலாகாவைப் போல் ஒருவர் அகப்பட வழி பிறக்கும்.

கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய பிறகு, "இடிக்கக் கூடாது" என்று போர்டு மாட்டினால், வாங்கியவர் வயிறு எரியாதா? பேரம் படிந்த பிறகு வரும் கருணையால் கட்டிடத்துக்கும் லாபமில்லை, மனிதருக்கும் லாபமில்லை. பட்டியல் முதலில் வர வேண்டும், பேரம் பிறகு வர வேண்டும்.

பழையது எல்லாமே பாதுகாக்கத் தக்கதும் அல்ல. ஒழுகுகிற ஒவ்வொரு கொட்டகையும் சரித்திரச் சின்னம் ஆகிவிடாது. ஊரின் கதையில் அதற்கு இடம் உண்டா, கட்டிய விதத்தில் சிறப்பு உண்டா, இன்னும் உறுதியாக நிற்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டு, தேறியவற்றை மட்டும் எழுத வேண்டும். எழுதியவற்றுக்கு வரிச் சலுகை தர வேண்டும். பழுது பார்க்க அனுமதி கேட்டால் மாதக் கணக்கில் அலையவிடக் கூடாது. "பட்டியலில் ஏறினால் சொத்து முடங்கிவிடும்" என்ற பயம் இருக்கும்வரை, பட்டியல் வருவதற்கு முன்பே ராத்திரியோடு ராத்திரியாக இடிக்கத்தான் பார்ப்பார்கள்.

அடுத்த சோதனை

இதெல்லாம் முடிந்துபோன வெரைட்டி ஹாலுக்காகச் சொல்வதல்ல. இன்னும் நிற்பவற்றுக்காகச் சொல்வது.

கோவையைத் தென்னாட்டின் மான்செஸ்டர் ஆக்கியவை பஞ்சாலைகள். அவற்றின் மூத்த பிள்ளை 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். ஜனங்களுக்கு அது "ஸ்டேன்ஸ் மில்". நலிந்த ஆலைகளை 1974-ல் நாட்டுடைமை ஆக்கிய பிறகு, தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்த கோவை மில்களில் அதுவும் ஒன்று. பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ், கம்போடியா ஆகியவையும் அந்தக் கழகத்தைச் சேர்ந்தவை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த மில்கள் நின்றன. அதன் பிறகு பழைய வேகம் திரும்பவே இல்லை. மில்லைத் திறக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் போராடினார்கள்.

மில்லின் நடுவில் இருப்பது நகரத்தின் விலை உயர்ந்த மண். என்றைக்காவது அது விற்பனைக்கு வந்தால் முதலில் பேச வேண்டியது தொழிலாளியின் பாக்கியை. அதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. ஆனால் அதே பேச்சில், எந்தச் சுவர் நிற்க வேண்டும், எந்தக் கூரை நிற்க வேண்டும், எந்தப் புகைபோக்கி நிற்க வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஏலம் கூவுவதற்கு முன்பே எழுத வேண்டும்.

பம்பாயில் பீனிக்ஸ் மில் இருந்த இடம் பெரிய கடைவளாகம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அங்கே துணி வாங்க வருகிற குழந்தை, "இது என்ன அப்பா, இவ்வளவு உயரம்?" என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு புகைபோக்கியாவது மிச்சம் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது

அரசாங்கம் பட்டியல் போடும்வரை ஊரார் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கடையோ மில்லோ மண்டியோ வைத்திருக்கும் குடும்பங்கள் சில காரியங்களை இன்றைக்கே செய்யலாம். கட்டிடத்தின் பழைய வரைபடம், கட்டின செலவுக் கணக்கு, முதல் கிரயப் பத்திரம் இவற்றைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கட்டிடத்தின் கதையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதலாம். விற்கத்தான் வேண்டும் என்றால், தரகரைக் கூப்பிடுவதற்கு முன் பழைய கட்டிட வேலை தெரிந்த ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டு, கட்டிடம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்கலாம். அந்தக் காகிதம் கையில் இருந்தால், "கட்டிடத்துக்கு விலையே இல்லீங்க" என்று சொல்லும் தரகருக்குப் பதில் சொல்ல முடியும்.

வெரைட்டி ஹாலைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. ஆனால் அடுத்த கட்டிடத்தின் விற்பனைப் பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. அதில் ஒரு வரி சேர்க்க இன்னும் அவகாசம் இருக்கிறது.